உடுப்போடு உள்ளே வரக்கூடாது

என் மேசையில் படுக்கிறவர்களிடம் நான் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. ஈரக் கையைக் குவித்து இரண்டு முறை தட்டுவேன், குளியல் கூடம் முழுக்கக் கேட்கும். முதல் தட்டலுக்கு மல்லாந்து படுத்திருப்பவள் சுவர்ப் பக்கம் ஒருக்களிக்க வேண்டும். அடுத்ததற்குக் குப்புற. அதற்கும் அடுத்ததற்கு வெந்நீர்த் தொட்டிப் பக்கம். வங்கி மேலாளரும் திரும்புவாள், மீன் சந்தைக்காரியும் திரும்புவாள். உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் படுத்திருக்கும்போது யாருக்கும் எதிர்த்துப் பேசத் தோன்றாது.

என் பெயர் சுன்ரே. வயது ஐம்பத்தேழு. தென்கொரியாவின் பூசான் நகரத்தில், பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறும் ஒரு குன்றின் அடியில் இருக்கிற பெண்கள் குளியல் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக அழுக்குத் தேய்க்கிறேன். கறுப்பு உள்பாடி, கறுப்பு ஜட்டி, கையில் சொரசொரப்பான பச்சை உறை. இதுதான் எங்கள் சீருடை. வெந்நீரில் ஊறிய தோலை அந்த உறையால் தேய்த்தால் செத்த தோல் சாம்பல் நிறத்தில் திரி திரியாக உருண்டு வரும். தன் அழுக்கைப் பார்த்து வெட்கப்படாதவளை நான் பார்த்ததில்லை. அதைக் காட்டச் சொல்லி என்னிடம் கேட்காதவளையும் பார்த்ததில்லை. சுவரில் முதுகு தேய்க்கும் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், காசு கேட்காது. அதை எனக்குப் பிடிக்காது.

நான் ஒன்றும் நல்லவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குன்றில் யார் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றாள், யார் தொடையில் கொழுப்பை உறிஞ்சி எடுத்தாள், யார் மார்பைப் பெரிதாக்கச் சிலிக்கான் பை வைத்தாள் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததை வாய் வைத்துக்கொள்ளாது. சுரங்க ரயில் நிலையத்துக்கு எதிரே கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் போரா என்ற பெண் குப்புறப் படுக்கச் சிரமப்படுவாள். மார்பில் வைத்த பை அப்படி. "பாத்து, பை கிழிஞ்சிரப் போவுது!" என்று சத்தமாகச் சொல்வேன். தொட்டியில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். போராவும் சிரிப்பாள். சிரிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் என் இமைகளே தைத்தவை. நாற்பத்து மூன்று வயதில் இரண்டு சிநேகிதிகளோடு போய், மூன்று பேரும் ஒரே நாளில் கண் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டோம். பத்து நாள் வீங்கிய கண்ணும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது. ஆனால் ஏன் செய்துகொண்டாய் என்று யாராவது கேட்டால் என் அண்ணன் ஞாபகம்தான் வரும். அவன் சின்ன வயதில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'பொத்தான் ஓட்டை' என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் முதலாளியம்மா பெயர் மேங். அறுபத்தெட்டு வயது, கன்னத்துக்கு மட்டும் நாற்பது. இழுத்துத் தைத்த வேலை நன்றாகவே வந்திருக்கிறது. வாசலில் கல்லாவில் உட்கார்ந்து, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் உடுப்புப் பெட்டிச் சாவியும் அவித்த முட்டையும் கொடுப்பார். உள்ளே சுவரில் சிவப்புச் சாயத்தில் ஒரு பலகை, அவர் கைப்பட எழுதியது: உடுப்போடு உள்ளே வரக்கூடாது. துண்டைத் தொட்டியில் நனைக்கக்கூடாது. உடம்பைக் கழுவாமல் தொட்டியில் இறங்கக்கூடாது. போன குளிர்காலத்தில் ஒரு கல்லூரிப் பெண் கூச்சப்பட்டு நீச்சல் உடையோடு வந்து நின்றாள். முதலாளியம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ஏம்மா, இங்க இருக்கறவங்ககிட்ட இல்லாதது ஒங்கிட்ட என்ன இருக்கு? கழட்டு. இல்லன்னா கெளம்பு."

கூடமே சிரித்தது. அந்தப் பெண் அழுகிற முகத்தோடு கழற்றினாள். கால் மணி நேரத்தில் தொட்டியில் கழுத்து வரை அமிழ்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. பன்னிரண்டு வருடத்தில் முதலாளியம்மாவின் உடம்பை நான் பார்த்ததே இல்லை. குளியல் கூடம் வைத்திருப்பவர், குளிப்பது வீட்டில்.

*

மிரான் இந்தக் குன்றின் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவள். நாற்பத்தாறு வயது, கட்டையான உடம்பு, பெரிய குரல். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவாள், முப்பத்து நான்காம் எண் சாவிதான் வாங்குவாள். "அக்கா, முப்பத்துநாலு!" என்று தொட்டியிலிருந்தே கத்துவாள். நான் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சிலேட்டில் எண்ணை எழுதி, முறை வரும்போது கூப்பிடுவேன். போன ஆகஸ்டில் திடீரென்று வருவதை நிறுத்தினாள். இயந்திரத்துக்குப் போய்விட்டாளோ என்று எனக்குக் கோபம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாள். கூடத்தில் நானும் அவளும் மட்டும். இடது மார்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு நீளத் தழும்பு, அதன் கீழே உபரியாக ஒரு தோல் மடிப்பு, அவிழ்த்துப் போட்ட காலுறை மாதிரி சுருங்கிக் கிடந்தது. அவள் எதுவும் சொல்லாமல் மேசையில் ஏறி மல்லாந்து படுத்தாள். நானும் எதுவும் கேட்காமல் உறையை மாட்டினேன்.

கழுத்து, கை, அக்குள், வயிறு, தொடை, பாதம். கை நன்றாகத்தான் ஓடியது. முடித்துவிட்டு இரண்டு முறை தட்டினேன். மிரான் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன்.

"அக்கா, ஒரு எடத்த விட்டுட்டீங்க."

"எங்கம்மா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க."

"இல்ல, வலிக்குமோன்னு..."

"வலிச்சா நான் சொல்ல மாட்டேனா? எனக்கு வாய் இல்லையா?" விட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஏழு மாசமா அங்க யாரும் கை வெக்கல. டாக்டர் தொட்டாரு, ரப்பர் உறை மாட்டிக்கிட்டு. அழுக்கு அப்படியே கெடக்கு. அழுக்கு எடுக்கறதுதான ஒங்க வேல? பரிதாபப்படறதுக்கா நான் வந்தேன்?"

எனக்கு முகம் சுட்டது. இடது பக்கத்தை மட்டுமல்ல, நன்றாக இருக்கிற வலது பக்கத்தையும் சேர்த்துத்தான் தாண்டிப் போயிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தேய்த்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவள் நான்.

உறையைக் கழற்றினேன். தழும்பின் மேல் வெறும் விரல், சோப்பு நுரை. சுற்றிலும் உறை, மெதுவாக. அழுக்கு வந்தது. ஏழு மாத அழுக்கு, திரி திரியாக. அவள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடேயப்பா! பாருங்க, நான் உசுரோட இருக்கேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெந்நீர் ஆவி என்று வைத்துக்கொள்ளச் சௌகரியமான இடம்தான் அது.

முதுகு தேய்க்கும்போது கதையைச் சொன்னாள். புற்றுநோய் அறுவைக்கு முன்னாலேயே டாக்டரிடம் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாளாம், எனக்குப் புது மார்பு வேண்டாம், சப்பையாகத் தைத்துவிடுங்கள் என்று. டாக்டர் அவளைப் பார்க்காமல் அவள் புருஷனைப் பார்த்தாராம்.

"அவரு பாவம், 'எங்கிட்ட ஏன் கேக்கறீங்க, அது அவளோடதாச்சே'ன்னாரு. டாக்டர் தலைய ஆட்டினாரு. நான் கண்ணு முழிச்சுப் பாத்தா, பின்னால மார்பு வெக்கறதுக்குன்னு இந்தத் தோல விட்டு வெச்சிருக்காரு. கேட்டா, 'ஒரு வருஷத்துல மனசு மாறும், அப்ப எனக்கு நன்றி சொல்வீங்க'ங்கறாரு."

"அடப்பாவி!"

"பஸ்ஸுல சீட் பெல்ட்டு சரியா இந்த மடிப்பு மேலதான் வருது. ஒரு நாளைக்கு பதினாலு தடவ மேல ஏறி எறங்கறேன். புண்ணாப் போச்சு. வேற டாக்டர்கிட்டப் போனேன். இத எடுத்து விடுங்கன்னா, அது வைத்தியம் இல்லையாம், அழகு சிகிச்சையாம். கேட்டீங்களா அக்கா? புதுசா ஒண்ணு ஒட்ட வெச்சா வைத்தியம். ஒண்ணும் வேண்டாம்னா அழகு!"

"நீ என்ன சொன்ன?"

"சரி, அப்ப அழகு பண்ணி விடுங்கன்னேன். மே மாசம் தேதி குடுத்திருக்காங்க. கண்ணுக்குக்கூட மை வெச்சதில்ல நான். இந்த வயசுல அழகு சிகிச்சை!"

இந்த முறை நானும் சிரித்துவிட்டேன்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிரான் வழக்கம்போல் பதினொரு மணிக்கு வந்தாள். தொட்டியில் இறங்கினாள், என் மேசையில் படுத்தாள், கிளம்பிப் போனாள். சாயங்காலம் முதலாளியம்மா என்னைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார். முன்னால் இனிப்பு அரிசிப் பானம் ஒரு கோப்பை வைத்தார். அவர் எதையாவது இலவசமாகக் கொடுத்தால் பின்னாலேயே ஏதோ ஒன்று வரும்.

"சுன்ரே, அந்த பஸ் ஓட்டறவ..."

"மிரானா?"

"மூணு பேர் எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. அவ தொட்டியில எறங்கினதும் எந்திரிச்சிட்டாங்களாம்."

"தண்ணியில ஒட்டற நோவா அது?"

"ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா? ஜனங்க இங்க ஒடம்ப ஆத்திக்க வர்றாங்க. ஆஸ்பத்திரி நெனப்பு வரவா வர்றாங்க? தெருவுல மூணு குளியல் கூடம் இருந்துச்சு. ரெண்ட மூடியாச்சு. நான் தண்ணி காய வெக்கற செலவு எனக்குத்தான் தெரியும்." கோப்பையை என் பக்கம் தள்ளினார். "மார்ல ஒரு துண்டக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. இல்லன்னா செவ்வாக்கிழம மத்தியானம் வரட்டும்."

"துண்டா? பலகையில..."

"பலகைய எழுதினது நான். எங்க விட்டுக் குடுக்கணும்னும் எனக்குத் தெரியும். இப்பல்லாம் புதுசா வெக்கறாங்க சுன்ரே, நெசத்தவிட நல்லாருக்கு. அதையாவது செஞ்சுக்கலாம்ல? நாலு பேர் கண்ணுக்கு உறுத்தாம இருக்கறது ஒரு மரியாதை. நான் முகத்த இழுத்துக்கிட்டது எனக்காகவா? கல்லாவுல ஒக்காறவ முகம் தொங்கக் கூடாதுன்னுதான்."

அவர் கல்லாவை மூடிக்கொண்டே, பக்கத்து ஊர் கிம்ஹேயிலிருந்து ஒருத்தி இந்த மேசையைக் கேட்டு நாலு தடவை வந்துவிட்டுப் போனாள் என்று சொன்னார். எனக்குப் புரியாமலில்லை. ஐம்பத்தேழு வயதில் எனக்கு வேறு யார் மேசை கொடுப்பார்கள்?

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மிரான் உடை மாற்றும் அறையில் ஒரு காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குரலில் தேனைக் குழைத்துக்கொண்டேன்.

"மிரான், செவ்வாக்கிழம வந்தின்னா கூட்டமே இருக்காது. ஒனக்கு வசதியா இருக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு வசதி?"

"ஒனக்குத்தாம்மா."

"எனக்கு ஞாயித்துக்கிழமதான் லீவு. அது ஒங்களுக்கு ஆறு வருஷமாத் தெரியும். அன்னைக்குச் செவ்வாக்கிழம லீவு போட்டு வந்தது பழக்கத்துக்கு, நீங்க எப்படிப் பாக்கறீங்கன்னு பாக்க." கழற்றிய காலுறையைத் திரும்ப மாட்டினாள். "ஒரு மனுஷி, எனக்கு இல்லாததப் பத்திக் கவலப்படாம என் அழுக்கப் பாத்தான்னு சந்தோஷப்பட்டேன். பரவால்ல அக்கா."

முப்பத்து நான்காம் எண் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அது முழுதாகக் காய்ந்திருந்தது. குளிக்காதவளின் சாவி.

*

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மூன்று பேருக்கு நிம்மதி, முதலாளியம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வாரத்தில் போரா என் மேசையில் படுத்திருந்தாள். குப்புறப் படுப்பதற்காக அவள் தோளுக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தேன். "பாத்து, பை..."

"கிழிஞ்சிரப் போவுது. தெரியும் சித்தி," என்றாள். சிரிக்கவில்லை. "பஸ் ஓட்டற அக்காவ வரவேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?"

"நான் எங்க சொன்னேன்? வசதியா இருக்கும்னுதான்..."

"தொட்டியில பேசிக்கறத நானும் கேட்டேன். எனக்கு ஒண்ணு வெளங்கல சித்தி. நான் வெச்சுக்கிட்டா திமிரு. அவங்க வெச்சுக்கலன்னா அசிங்கம். அப்ப எப்படித்தான் இருக்கணும்? ஒரு அளவு எழுதி அந்தப் பலகையில மாட்டிருங்க. நாங்க அதப் பாத்து வெட்டிக்கறோம், ஒட்டிக்கறோம்."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீ எதுக்குடி வெச்சுக்கிட்ட?" என்று கேட்டேன். முதல் தடவையாக, கேலியில்லாமல்.

"பழைய காதலன் ஒருத்தன் சொன்னான்னு வெச்சுக்கிட்டேன். அவன் போயிட்டான். இது இருக்கு. மொதல்ல பாக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வந்துச்சு. இப்ப என்னோடதாயிருச்சு. எடுக்கணும்னு தோணிச்சுன்னா எடுப்பேன். அதுக்கும் நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு தெரியும்." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "ஒங்க கண்ணு யாரு சொல்லித் தெச்சது?"

பொத்தான் ஓட்டை என்று கூப்பிட்டவன் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவன் போட்ட தையல் மட்டும் என் முகத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. பிடிப்பது பொய்யில்லை. யாரோ சொல்லித்தான் பிடித்தது என்பதும் பொய்யில்லை. எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது. போராவின் முதுகை அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டேன். "ஆ, சித்தி!" என்று கத்தினாள்.

மறுநாள் வேலைக்கு முன்னால் மிரானின் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள். சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள். மூன்று நிறுத்தம் போனது.

"ஞாயித்துக்கிழம வா," என்றேன்.

"ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது. எழுதியிருக்கு பாருங்க."

"பதினோரு மணிக்கு வா."

"முதலாளியம்மா சம்மதிச்சிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வரணும்? நாலு பேர் மூஞ்சி சுளிக்கறத மல்லாந்து படுத்துப் பாக்கவா? அதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து?"

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. மேச போயிருமோன்னு பயந்துட்டேன். பயந்து, ஒனக்கு நல்லது பண்ற மாதிரி பேசினேன். அது ரெண்டாவது தப்பு."

பஸ் குன்றின் உச்சியில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. மிரான் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கைக்குட்டையை எடுத்து உதறினாள். நடுவில் லேசாக ரத்தக் கறை இருந்தது.

"இப்பவும் மேச போகுமே அக்கா."

"போகலாம்."

"எனக்காகப் பண்ணாதீங்க. நான் யாருக்கும் கடன்பட மாட்டேன்."

"ஒனக்காக இல்லடி. ஒரு எடத்த விட்டுத் தேச்சேன்ல? அது என்னத் தூங்க விட மாட்டேங்குது."

அவள் கைக்குட்டையைத் திரும்ப மடித்து நெஞ்சில் வைத்துப் பெல்ட்டை மாட்டினாள். பிறகு பஸ்ஸைத் திருப்பினாள். "இறங்கறதுக்குத் தனி டிக்கெட்டு," என்றாள்.

*

ஞாயிறு பதினொரு மணி. தொட்டியில் தலைகள் நெருக்கியடித்தன. புகார் சொன்ன மூவரில் தலைமையானவள் ஹ்வாங் அத்தை, உலர்மீன் கடைக்காரி. அவளும் தொட்டியில் இருந்தாள். போரா குளிர்நீர்ப் பக்கம் உட்கார்ந்து தலைமுடிக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. மிரான் வந்தாள், துண்டு தலையில்தான் கட்டியிருந்தது. நடந்து வந்து குழாயடியில் உட்கார்ந்து உடம்பைக் கழுவினாள், தொட்டியில் இறங்கினாள். பேச்சு அடங்கியது. இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

சிலேட்டில் அவள் எண்ணை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். சாதாரணமாக நான் எண்ணை ஒரு தடவைதான் சொல்வேன்.

"முப்பத்துநாலு!" என்று கத்தினேன். சுவரில் மோதித் திரும்பி வந்தது. "முப்பத்துநாலு! வாம்மா, மேச காலியா இருக்கு!"

மிரான் ஏறிப் படுத்தாள், மல்லாந்து. கழுத்தில் ஆரம்பித்தேன். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை. வலது மார்பு, தழும்பு, அந்த அவமரியாதையான தோல் மடிப்பு, அதனடியில் பெல்ட் உரசிய புண்ணைச் சுற்றி நுரை. எல்லாவற்றையும் நிதானமாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. இரண்டு தட்டு, சுவர்ப் பக்கம் திரும்பினாள். இரண்டு தட்டு, குப்புறப் படுத்தாள். முதுகில் பாதி போயிருந்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதவு படாரென்று திறந்தது.

மேங் முதலாளியம்மா. ஊதா ஸ்வெட்டர், கம்பளிக் கால்சட்டை, காலில் காலுறை. அவசரத்தில் அப்படியே ஈரத்தரையில் நடந்து வந்துவிட்டார்.

"சுன்ரே! நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன்?"

"தேச்சுக்கிட்டிருக்கேன் முதலாளியம்மா. கைய எடுத்தா அழுக்கு ஊறிரும்."

"துண்டக் கட்டச் சொன்னேனா இல்லையா?"

"தொட்டியில துண்டு நனையக் கூடாதே. நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"என் எடத்துல எனக்கே சட்டம் சொல்றியா?"

"ஆமா," என்றேன். தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. "அந்தப் பலகையில மொதல் வரி என்ன? உடுப்போட உள்ள வரக்கூடாது. இங்க முப்பது பொம்பளைங்க இருக்கோம். தெச்சது, கிழிச்சது, வெச்சது, எடுத்தது, தொங்கினது எல்லாம் இருக்கு. ஸ்வெட்டர் போட்டவங்க நீங்க ஒருத்தர்தான். இங்க இருக்கறவங்ககிட்ட இல்லாதது ஒங்ககிட்ட என்ன இருக்கு? கழட்டுங்க. இல்லன்னா கெளம்புங்க."

யாரோ 'க்ளுக்' என்றார்கள். போரா என்றுதான் நினைக்கிறேன். முதலாளியம்மாவின் இழுத்துத் தைத்த முகம் மாறவில்லை, அது மாறவும் முடியாது, ஆனால் கழுத்து சிவந்தது.

"நீ மட்டும் என்ன? நீயும்தான் உடுப்போட நிக்கற!"

அது உண்மைதான். பன்னிரண்டு வருடமாக எல்லோரும் அம்மணமாகப் படுக்க, நான் மட்டும் கறுப்புத் துணிக்குள் நின்று எல்லோரையும் அளந்திருக்கிறேன். பச்சை உறையைக் கழற்றி மேசையில் வைத்தேன். உள்பாடியின் கொக்கி ஈரத்தில் இறுகியிருந்தது. மிரான் கையை நீட்டி, குப்புறக் கிடந்தபடியே அவிழ்த்துவிட்டாள். ஜட்டியையும் கழற்றி இரண்டையும் வாளியில் போட்டேன். என் மார்பு வயிறு வரை வந்துவிட்டது, வயிற்றில் இரண்டு பிள்ளைகளின் கோடு. இருக்கட்டும்.

"இப்ப?" என்று கேட்டேன்.

தொட்டியிலிருந்து ஹ்வாங் அத்தை குரல் கொடுத்தாள். "என்னடி இது, சந்தைக்கட சண்ட! அடுத்தது என் நம்பரு. ஒரு மணி நேரமா ஊறி வெரலெல்லாம் சுருங்கிப் போச்சு. சீக்கிரம் முடி!"

எழுந்து நின்ற இருவரும் குளிர் தாங்காமல் தண்ணீரில் உட்கார்ந்தார்கள். முதலாளியம்மாவின் காலுறை நீரை உறிஞ்சிக் கனத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அதைச் சொல்லட்டும். கிம்ஹேக்காரி வரட்டும், மேசை போகட்டும். இன்றைக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது.

ஈரக் கையைக் குவித்து இரண்டு முறை தட்டினேன்.

மிரான் தொட்டிப் பக்கம் திரும்பினாள், எல்லோரையும் பார்த்தபடி. முதலாளியம்மா கதவுப் பக்கம் திரும்பினார்.